கைக்கு அகப்படாத கட்டி

எனக்குத் தெரியாமல் யாரும் எதையும் ஒளித்துக்கொண்டு போக முடியாது என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பெருமைதான். இல்லையென்று சொன்னால் அது பொய்.

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையின் வாசலில் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புவது என் வேலை. காலை ஷிப்டுக்கு வருகிற ஒவ்வொருத்தியும் என் முன்னால் கையை விரித்து நிற்க வேண்டும். கொண்டையில் ஆரம்பித்து, பிடரி, கழுத்து, ஸ்வெட்டர், இடுப்பு, புடவை ஓரம் என்று என் கை இறங்கும். செல்போன், தீப்பெட்டி, ஊக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது. மெட்டல் டிடெக்டர் என்று ஒரு கட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். அது ஊக்கைக் கண்டால் கத்தும். ஒற்றைத் தீக்குச்சியைக் கண்டால் வாயே திறக்காது. அதற்கு என் கைதான் வேண்டும்.

தீக்குச்சியை யாரும் வேண்டுமென்று கொண்டுவருவதில்லை. காலையில் விளக்கேற்றிய அவசரத்தில் ஸ்வெட்டர் பையில் போட்டு மறந்ததாக இருக்கும். ஆனால் செல்போனை மறைக்கிற கெட்டிக்காரிகள் உண்டு. மறைக்கிறவளின் மூச்சு, என் கை அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் முன்னால் வரும்போதே ஒரு கணம் நின்றுவிடும். முகம் சிரிக்கும், வாய் ஊர்க்கதை பேசும், மூச்சு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆயிரக்கணக்கான பேரைத் தொட்டுத் தொட்டு நானே தெரிந்துகொண்டது. இந்த வித்தைதான் கடைசியில் என்னைப் பைத்தியமாக அடித்தது.

ஜூன் மாத மழையில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பத்து நாளாகியும் விடவில்லை. எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுக்க, என் வீட்டுக்காரர் லோகு என்னைக் குன்னூருக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தவர் லிஜி டாக்டர். கூடலூர்ப் பக்கம், பேச்சில் பாதி மலையாளம். பார்த்தால் காலேஜ் போகிற பெண் மாதிரி இருந்தார்.

கழுத்தில் சில்லென்று களிம்பைத் தடவி, கருவியை வைத்து உருட்டினார். "விழுங்கண்டா சேச்சி. ஒரு நிமிஷம் எச்சி முழுங்காம இருக்கணும்."

கருவி இடது பக்கம் நகர்ந்தது. நின்றது. கூடவே லிஜி டாக்டரின் மூச்சும் நின்றது. என் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்ற மூச்சு. எனக்குத் தெரியாமல் போகுமா? இந்தப் பெண் எதையோ மறைக்கிறது என்று அந்தக் கணமே முடிவுகட்டிவிட்டேன்.

"தைராய்டுல சின்னக் கட்டி இருக்கு சேச்சி. இடது பக்கம் ரெண்டு சென்டிமீட்டர். வலது பக்கம் ஒரு பொடி, நாலு மில்லிமீட்டர். நிறைய பேருக்கு இருக்கும். பேடிக்க வேண்டாம்," என்றார்.

மற்றவர்களுக்குக் கட்டி என்கிற சொல்தான் முதலில் குத்துமாம். எனக்கு அளவு குத்தியது. இரண்டு சென்டிமீட்டர் என்றால் அரைத் தீக்குச்சி நீளம். பிறத்தியாரின் ஸ்வெட்டரில் ஒற்றைக் குச்சியைக் கண்டுபிடிக்கிற கை, தினமும் சோப்புப் போடுகிற சொந்தக் கழுத்தில் இதைத் தவறவிட்டிருக்கிறது. திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். தொண்டைக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஏதோ விரிந்திருந்தது. அதற்குள் ஓர் உருண்டை. எத்தனை வருடமாக அங்கே உட்கார்ந்திருந்ததோ. பயந்துதான் போனேன். ஆனால் பயத்தோடு கூடவே ஒரு பிரமிப்பும் இருந்ததைச் சொல்லியாக வேண்டும். என்னிடமே ஒளித்துவைக்க என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று ரிப்போர்ட் வந்தது. இதைச் சொல்ல அவர்களுக்கு ஒன்றரைப் பக்கம் இங்கிலீஷ் தேவைப்பட்டிருக்கிறது.

கோயம்புத்தூரில் சர்ஜன் ஞானசீலனைப் பார்க்கச் சொன்னார்கள். ஒல்லியான மனிதர், ஐம்பது தாண்டியிருக்கும். சட்டைக் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டே பேசினார். "இந்த மாதிரி ரிப்போர்ட் வர்ற நூறு பேர்ல எழுபது, எண்பது பேருக்கு ஒண்ணும் இருக்காதும்மா. ஆனா உங்களுக்கு என்னன்னு தெரியணும்னா இடது பாதியை எடுத்துப் பாக்கணும்."

"எடுத்தா என்னங்க ஆகும்?" என்று லோகு கேட்டார்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு நரம்பு போகிறதாம். குரல்வளையை ஆட்டுவது அதுதான். மூளையிலிருந்து கிளம்புகிற அது நேராகத் தொண்டைக்கு வந்து நிற்கக் கூடாதா? வராதாம். தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து வருகிற பெரிய குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்துக்கு ஏறி வந்துதான் குரலைத் தொடுமாம்.

"பக்கத்துல இருக்கற வெலிங்டன்ல இருந்து அருவங்காட்டுக்கு வர்றதுக்கு மலையடி மேட்டுப்பாளையம் வரைக்கும் எறங்கிட்டு வர்றாப்பல இருக்குதுங்களே," என்றேன்.

"அதேதான். ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார்.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மலையேறுகிற பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதை எடுத்துப் பார்த்தேன். நான் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் நெஞ்சு வரை இறங்கி ஏறி வந்திருக்கிறது. வாயடக்கமே இல்லாதவள் என்று என் மாமியார் சொல்வார். எத்தனை தடவை அந்த நரம்பை ஏற்றி இறக்கியிருக்கிறேனோ. வியப்பாக இருந்தது. அடுத்த வளைவில் அதே வியப்பு பயமாகிவிட்டது. அவ்வளவு நீளத்துக்குப் போய்வருகிற நூலை ஒரு மனிதன் கத்தி வைத்துக்கொண்டு எப்படித் தவிர்ப்பான்?

அன்றைக்கு ஆரம்பித்தது. இஞ்ச் டேப்பை எடுத்துக் காலையும் மாலையும் கழுத்தை அளந்தேன். தினமும் எழுந்தவுடன் செல்போனில் ஒன்று முதல் இருபது வரை சொல்லிப் பதிவு செய்து, நேற்றைய குரலோடு வைத்துக் கேட்டேன். பன்னிரண்டு கொஞ்சம் கம்மியது போல இருந்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. லோகு குளிக்கப் போகும்போது அவர் சட்டைப் பையைத் துழாவினேன், டாக்டர் அவரிடம் தனியாக ஏதாவது சீட்டுக் கொடுத்திருப்பார் என்று. பஸ் டிக்கெட்தான் கிடைத்தது. அதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கழுத்தைத் தொட்டுத் தொட்டுத் தோல் சிவந்து வலிக்க ஆரம்பித்தது. வலிக்கிறதே, கட்டி வளர்கிறதோ என்று இன்னும் அழுத்தினேன்.

ஆகஸ்டில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாளே வந்து சேரச் சொன்னார்கள். பையும் பிளாஸ்க்குமாகக் கிளம்பினோம். மலையில் பாதி இறங்கியதும் பர்லியாரில் பஸ் நின்றது. "வாந்தி வருது" என்று இறங்கினேன். பழக்கடையில் அரைக் கிலோ மங்குஸ்தான் வாங்கினேன். சாலையைக் கடந்து, மேலே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். லோகு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். ஊர் வந்து சேரும் வரை நான் பழத்தை உரித்துத் தின்றுகொண்டே வந்தேன். அழுகையும் வந்தது. பழம் இனிப்பாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் இரண்டாவது தேதி. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். லோகு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, உறையில் போட்டு வைத்தார்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கை வாசலில் வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. கொண்டையிலிருந்து இறங்குகிற விரல் கழுத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றது. ஒவ்வொருத்தி கழுத்தையும் உருட்டிப் பார்த்தேன். அவளுக்கு இருக்கிறதா, எனக்கு மட்டுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல ஓர் அரிப்பு. வரிசை நீண்டது. பேக்கிங் பிரிவு ராஜிதான் முதலில் கேட்டாள்.

"ஏனக்கா, கழுத்துல என்னத்த இத்தன நேரம் பாக்கறீங்க?"

"எச்சி முழுங்கு புள்ள," என்றேன்.

முழுங்கினாள். என் விரலுக்கு அடியில் ஏதோ ஏறி இறங்கியது. "இங்க என்னமோ இருக்குது ராஜி. ஆஸ்பத்திரியில காட்டிரு," என்று என் வாய் சொல்லிவிட்டது.

அன்றைக்கு அப்படி நான் சொன்னது அவளிடம் மட்டும் இல்லை. மறுநாள் பதினாலு பெண்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். "தொண்டையில குருத்தெலும்பு எல்லாருக்கும் இருக்கும். அது இல்லாம யாராவது வந்தா சொல்லுங்க, நான் பாக்கறேன்," என்றாராம் அங்கிருந்த டாக்டர். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இனி கழுத்தில் கை நின்றால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார். அதுகூட என்னை அவ்வளவாகத் தொடவில்லை.

ராஜி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. வழக்கம் போல என் முன்னால் கையை விரித்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பத்து வருசமா உங்க கையில நிக்கறேன். உங்க கை பட்டா ஒண்ணும் தப்பாதுன்னு எல்லாருக்கும் தெரியும். டாக்டர் ஒண்ணுமில்லீங்கறாரு. எனக்கு அவர நம்ப முடியலீங்கக்கா. உங்க கை சொன்னதத்தான் நம்புது மனசு. சோறு எறங்க மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவளைத் தொட முடியவில்லை. தொடாமலே உள்ளே அனுப்பினேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருத்தியைச் சோதிக்காமல் அனுப்பியது அன்று ஒரு தடவைதான். ஐந்து நிமிடம் கழித்து ஓடிப்போய் அவளைத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தேன். என் வியாதியை இன்னொருத்தி கழுத்தில் நானே வைத்து அனுப்பியிருந்தேன். அது புற்றுநோயைவிட வேகமாகப் பரவுகிற வியாதி.

அன்று சாயங்காலம் லோகுவிடம், "கோயமுத்தூருக்குப் போலாமுங்க," என்றேன்.

"பர்லியார் வரைக்குமா, முழுசாவா?" என்று கேட்டார். இந்த மனிதருக்கு இப்படிப் பேச வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஞானசீலன் டாக்டர் இரண்டு தேதி தவறியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுவே என்னைக் கிளறிவிட்டது.

"நீங்க எல்லாரும் எதையோ மறைக்கறீங்க டாக்டர். எனக்குத் தெரியுமுங்க. ஸ்கேன் எடுத்த புள்ளைக்கு என் கட்டியப் பாத்ததும் மூச்சு நின்னுது. நான் கேட்டேன். பொய் சொல்ல வேண்டாமுங்க எங்கிட்ட."

லோகு தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மூச்சு நின்னதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

வேலையைப் பற்றிச் சொன்னேன். தீக்குச்சி, செல்போன், இரண்டு அங்குலத்துக்கு முன்னால் நிற்கிற மூச்சு எல்லாம். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் கதை கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி அலமாரியருகே ஏதோ செய்துவிட்டுத் திரும்பினார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. கண்டுபிடிங்க பாப்போம்," என்று கையை விரித்து நின்றார்.

"நான் பொம்பளைகளத்தான் சோதிக்கறதுங்க."

"அட, பாரு அம்மிணி," என்றார் லோகு. "நாந்தான் இங்க நிக்கறனே."

பிடரியில் விரலை வைத்ததும் கூச்சம் போய்விட்டது, பழக்கம் வந்துவிட்டது. காலரின் மடிப்புக்குள், ஆபரேஷனில் தைக்கிற நூல் ஒரு துண்டு. தலைமயிரைவிட மெல்லிசு. அவர் மூச்சு எனக்கு அதற்கு முன்பே சொல்லிவிட்டது. எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அந்த நூலையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை நானே கீழ போட்டா என்னால தேடி எடுக்க முடியாது," என்றார்.

என் கை இன்னும் அவர் காலரில்தான் இருந்தது. அந்த நிமிடத்தை விட்டால் மறுபடி கிடைக்காது என்று தோன்றியது. கேட்டுவிட்டேன். "எனக்குக் கேன்சருங்களா?"

"தெரியாதும்மா," என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் மூச்சு நிற்கவில்லை. சீராக உள்ளே போய் வெளியே வந்தது. என் விரலுக்குக் கீழே எந்தத் தடங்கலும் இல்லை. அந்த மனிதர் மறைக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. நான்கு மாதமாக எல்லோரும் என்னிடம் தெரியாது என்றுதான் சொன்னார்கள். அதை ஒரு பூட்டிய பெட்டி என்று நினைத்து நான் உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியே இல்லை. தெரியாது என்பது வெறும் தெரியாதுதான். இவ்வளவு படித்த ஒரு மனிதர் அதை இப்படிப் பயப்படாமல் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை.

"என்ற குரல் போயிருமுங்களா?" என்று அடுத்ததைக் கேட்டேன்.

இப்போது நின்றது. ஒரு கணம், தெளிவாக. நான் கையை எடுத்துவிட்டேன். அவருக்கும் அது தெரிந்தது.

"பிடிச்சுட்டீங்க," என்றார். "போகவே போகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நூத்துல ஒருத்தர், ரெண்டு பேருக்கு ஆகலாம். ஆனா மூச்சு நின்னது அதுக்கில்லம்மா. அந்த நரம்பை நெனச்சாலே எனக்கு அப்படித்தான். இருபத்தாறு வருசமா இதைத்தான் தேடறேன். ஒவ்வொருத்தர் கழுத்துலயும் ஒரு இழை தள்ளி இருக்கும். வெள்ளையா, மினுமினுன்னு இருக்கும். அது கண்ணுல படற வரைக்கும் நான் எதையும் வெட்ட மாட்டேன். பட்டதும் தன்னால மூச்சு நிக்கும். அதைத் தொடக் கூட மாட்டேன். பாத்துட்டு, வழி விட்டுட்டு, பக்கத்துல வேலை பாப்பேன்."

நான் அவர் கைகளைப் பார்த்தேன். நீளமான, சாதாரணமான விரல்கள். என் கை தொட்டுத் தொட்டுக் கற்றது. இவர் கை தொடாமல் இருக்கக் கற்றிருக்கிறது. அதற்கு இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது. ஒளிக்கிறவளுக்கு மட்டும்தான் மூச்சு நிற்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கும்பிடுகிறவனுக்கும் நிற்குமா? குன்னூரில் அந்தச் சின்னப் பெண்ணுக்கு நின்றதும் பொய்யில் சேர்ந்ததில்லையோ என்னவோ.

"தேதி குடுங்க," என்றேன்.

நவம்பரில் இறங்கினோம். பர்லியாரில் பஸ் நின்றபோது லோகு என் கையைப் பிடித்துக்கொண்டார். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து தாலி, வளையல், கம்மல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, தலைமுடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றாள்.

"இடது காதுக்குப் பின்னால ஒரு கொண்டை ஊசி இருக்குது பாருங்க," என்றேன். எடுத்தாள். முகம் சிவந்துவிட்டது. "மேலருந்து கீழ வரணும், ரெண்டு விரல்ல," என்று சொல்லிக்கொடுத்தேன். என் மேல் இன்னொருத்தி கை பட்டு நான் நின்றது அன்றுதான். ராஜியும் மற்றவர்களும் எத்தனை ஆயிரம் காலையில் என் முன்னால் இப்படிக் கையை விரித்து நின்றிருப்பார்கள். ஒருத்தியாவது என் கையைச் சந்தேகப்பட்டாளா? நினைக்க நினைக்கக் கண் நிறைந்தது.

மேஜையில் படுக்கவைத்துக் கழுத்தை நிமிர்த்திவிட்டார்கள். ஞானசீலன் டாக்டர் முகமூடிக்கு மேல் கண்ணை மட்டும் காட்டித் தலையசைத்தார். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். தொண்ணூற்றாறு என்று சொன்னது நினைவிருக்கிறது. நான் எண்ணாத எண்களை எல்லாம் அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

கண் திறந்தபோது கழுத்தில் கட்டு, தொண்டையில் முள். டாக்டர் குனிந்து நின்றார். "ஏதாவது பேசுங்கம்மா."

ஒன்று முதல் இருபது வரை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அதப் பாத்தீங்களா டாக்டர்?"

கரகரவென்று, தகரத்தை இழுத்தது போல வந்தது. ஆனால் வந்தது. என் குரல்தான். இறங்கி, சுற்றி, ஏறி வந்துவிட்டது.

"பாத்தேன்," என்றார். "நல்லா இருந்துது. நூல் மாதிரி நேரா. அதைப் பத்திரமா அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

என்னைப் பெற்ற தாய்கூடப் பார்க்காத ஒன்றை இந்த மனிதர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்கிறார். நான் கை கூப்பினேன். ஊசி குத்தியிருந்த கை, வலித்தது. பரவாயில்லை.

பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. லோகு போனில் கேட்டுவிட்டு என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். அவர் காலரைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் ரொம்பத் தைரியசாலி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வலது பக்கம் அந்த நாலு மில்லிமீட்டர் அப்படியே இருந்தது. "அது இருக்கட்டும். மே மாசம் ஒரு ஸ்கேன் பாத்துக்குங்க, போதும்," என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தேன். பொங்கல் முடிந்ததும் விரல் தானாக வலது பக்கம் போக ஆரம்பித்தது. போகும்போதெல்லாம் கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொள்வேன். சில நாள் ஜெயிப்பேன், சில நாள் தோற்பேன். இஞ்ச் டேப்பை லோகு எங்கேயோ வைத்துவிட்டார். எங்கே என்று நானும் தேடவில்லை. தேடியிருந்தால் எடுத்திருப்பேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ராஜி வரிசையில் வந்தாள். கையை விரிப்பதற்கு முன்னால் என் கழுத்துத் தழும்பில் இரண்டு விரலை வைத்தாள். "எச்சி முழுங்குங்கக்கா," என்றாள். முழுங்கினேன். "ஏறி எறங்குது," என்றாள். "உங்களுக்கும் இருக்குது, எனக்கும் இருக்குது." வரிசையே சிரித்தது. அவள் கன்னம் பழையபடி உப்பியிருந்தது. நான்தான் கொஞ்ச நேரம் யாரையும் சோதிக்க முடியாமல் நின்றேன்.

மே மாதம் ஸ்கேனுக்குப் போனோம். சீசன் கூட்டம், குன்னூர் முழுக்க டூரிஸ்ட் வண்டி. பஸ் நகராமல், வெலிங்டனிலேயே இறங்கி நடந்தோம். நடக்கும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நாலு ஐந்தாகிவிட்டதா? ஐந்து என்றால் மறுபடி ஊசி, மறுபடி ரிப்போர்ட், மறுபடி அந்த மேஜை. உள்ளே கூப்பிடுகிற வரை மனதுக்குள் நாலு, ஐந்து, நாலு, ஐந்து என்று ஓடிக்கொண்டிருந்தது.

லிஜி டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தழும்பைப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு சேச்சி," என்றார். களிம்பு, கருவி, விழுங்கண்டா. கருவி வலது பக்கம் நின்றது, அவர் மூச்சும் நின்றது.

"நீங்க ஏனுங்க மூச்சப் புடிக்கறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். "நான் மூச்சு விட்டா கை ஆடும் சேச்சி. அளவு தப்பாப் போகும்."

அவ்வளவுதான். ஒரு வருடம் தின்ன பயத்துக்கு இவ்வளவுதான் காரணம். நானும் சிரித்தேன். சிரித்ததில் கருவி கொஞ்சம் நகர்ந்துவிட்டது. திரையில் ஓரமாக, கறுப்பாக ஒரு வட்டம் வந்தது. அது துடித்துக்கொண்டிருந்தது.

"அதென்னங்க?"

"எது? ஓ, அதா. தலைக்கு ரத்தம் போற குழாய். அதுக்கு ஒண்ணுமில்ல. இருங்க, நான் கட்டியை அளக்கறேன்."

"அது என்ற கழுத்துலயா இருக்குது?"

"பின்னே?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். கறுப்பு வட்டத்துக்குள் சிவப்பு பாய்ந்தது. அடங்கியது. பாய்ந்தது. அடங்கியது. இன்னொரு பொத்தானை அழுத்தினார். சத்தமும் கேட்டது. ஈரத் துணியை யாரோ விடாமல் அடித்துத் துவைப்பது போன்ற சத்தம், அந்தச் சின்ன அறை முழுக்க.

"எப்ப இருந்துங்க இப்பிடி அடிக்குது?"

"அம்மா வயித்துல இருக்கும்போதே தொடங்கினது சேச்சி."

"நான் மயக்கத்துல கெடந்தப்பவும்?"

"அப்பவும்தான்."

நாற்பத்தாறு வருடம். நான் இஞ்ச் டேப் வைத்து அளந்துகொண்டிருந்த தோலுக்கு ஒரு விரற்கடை கீழே. பர்லியாரில் பஸ்ஸை விட்டு ஓடியபோதும், காய்ச்சல் என்று பொய்க்குப் படுத்துக் கிடந்தபோதும், ராஜியின் கழுத்தைப் பிடித்து அவளைப் பயமுறுத்தியபோதும் இது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கு ஷிப்டு இல்லை, லீவு இல்லை. இதை வாசலில் நிறுத்தி யாரும் சோதித்ததில்லை. சரியாகத்தான் செய்கிறாயா என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கெட்டது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி, பக்கத்திலேயே இப்படி ஒன்று ஒளியாமல் நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"இன்னொரு வாட்டி அந்தச் செவப்பப் போடுங்க," என்றேன். லிஜி டாக்டர் போட்டார். வெளியே இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருந்தும், அவர் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேருமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஏதோ அளந்தார், ஏதோ தட்டினார், கழுத்தைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார். ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு வெளியே கொடுத்தார்கள்.

லோகு படிக்கட்டில் குடையோடு நின்றிருந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு படி ஏறி வந்தார்.

"என்ன சொன்னாங்க அம்மிணி? அந்த நாலு மில்லி அப்பிடியே இருக்குதா, பெருசாயிருச்சா?"

கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

"அதக் கேக்க மறந்துட்டனுங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். குடையை என் பக்கம் சாய்த்துவிட்டு, என் கையிலிருந்த கவரைப் பிரிக்கப் போனார்.

"இருக்கட்டுமுங்க. ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம். மொதல்ல எங்கியாச்சும் சோறு வாங்கிக் குடுங்க, பசிக்குது."